தமுக்கத்துக் கண்ணாடிப் பெட்டிகள்: மதுரையின் சிறிய அருங்காட்சியகத்தில் காட்சிகள் ஏன் மாற வேண்டும்

தமுக்கம் மைதானத்தில் பொருட்காட்சி என்றால் மதுரைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சித்திரை பிறந்துவிட்டால் ராட்டினம், அப்பளம், அரசுத் துறை அரங்குகள் என்று குடும்பத்தோடு ஒரு சாயங்காலத்தைக் கழித்துவிட்டு வருவோம். புத்தகத் திருவிழா எப்போது என்பதும் ஊருக்கே தெரியும். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், காந்தி நினைவு அருங்காட்சியக வளாகத்துக்குள், மதுரை அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே இந்த மாதம் என்ன காட்சி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல ஆள் கிடைப்பது அரிது. "பள்ளிக்கூடத்துல படிக்கும்போதே கூட்டிட்டுப் போயி காட்டிட்டாங்களே" என்பார்கள்.

ஒருதரம் பார்த்தால் முடிந்துவிடும் இடம் என்று அருங்காட்சியகத்தை நினைக்கப் பழகிவிட்டோம். ஒரே கண்ணாடிப் பெட்டியில் ஒரே பொருள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருந்தால் எவர்தான் மறுபடி போவார்? சிறிய அருங்காட்சியகம் உயிரோடு இருப்பது மாறிக்கொண்டே இருக்கும் தற்காலிகக் காட்சிகளால்தான் என்பது என் கட்சி. மதுரையைச் சுற்றி அதற்குச் சரக்குக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் அந்தப் பொருள்கள் எந்த வழியாக உள்ளே வருகின்றன, எதை எவ்வளவு நாள் வெளியே வைக்கலாம், எதை உள்ளே எடுத்து வைத்துவிட வேண்டும் என்பதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

முதலில் இடத்தைப் பற்றி. வளாகத்தின் நடுவில் இருக்கும் தமுக்கம் அரண்மனை நாயக்கர் காலத்துக் கட்டடம். ராணி மங்கம்மாள் பெயரோடு சேர்த்தே சொல்லப்படுவது. வெள்ளைக்காரர் ஆட்சியில் கலெக்டர்கள் அங்கே குடியிருந்தார்கள். 1955இல் அரசு அதைக் காந்தி நினைவு நிதிக்குக் கொடுத்தது. 1959 ஏப்ரல் 15 அன்று நேரு வந்து காந்தி அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார். அரசு அருங்காட்சியகம் அதற்கு ரொம்பப் பின்னால் வந்தது. 1981 ஜனவரியில் மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோதுதான் தொடங்கப்பட்டது. எழும்பூர் அருங்காட்சியகம் 1851இலும் புதுக்கோட்டை அருங்காட்சியகம் 1910இலும் ஆரம்பித்தவை. இந்த இடைவெளி முக்கியம். தென்பாண்டி நாட்டில் மண்ணைத் தோண்டிக் கிடைத்த நல்ல பொருள்கள் பலவும், மதுரையில் இப்படி ஓர் இடம் அமைவதற்குள் ரயிலேறிப் போய்விட்டன. ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்தவை எழும்பூரில் இருக்கின்றன என்பது ஊரறிந்த கதை. தாமதமாகப் பிறந்த அருங்காட்சியகத்துக்கு மிஞ்சியதை வைத்துத்தான் ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு பொருள்கள் வரும் வழியில் பெரும்பங்கு ஒரு பழைய சட்டத்துக்கு உரியது: 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். மேலூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ ஒருவர் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டுகிறார், அல்லது ஜேசிபி வைத்துக் கண்மாய்க் கரையைச் சீர்செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்ணுக்குள்ளிருந்து ஒரு சிலை வெளியே வருகிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணுக்குள் மறைந்து கிடந்து கண்டெடுக்கப்பட்டாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். அன்றைய பத்து ரூபாய் இன்று ஒன்றுமே இல்லை. ஆகவே நடைமுறையில் எல்லாமே அதற்குள் அடங்கிவிடும். விஏஓ வருவார், தாசில்தார் வருவார். அதற்குள் ஊரே கூடி மஞ்சள் பூசி, பூ வைத்து, சூடம் காட்டியிருக்கும். சிலை தாலுகா ஆபீசுக்குப் போகும். பக்கத்துக் கோயில் ஒன்றுக்கு உரியது என்று தெரிந்தால் அறநிலையத் துறை கேட்கும். செப்புத் திருமேனியாக இருந்தால் துறையின் பாதுகாப்பு மையத்துக்குப் போய்விடுவதும் உண்டு. உரிமை கேட்டு யாரும் வராதவையே கடைசியில் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்கின்றன.

இப்படி வரும் பொருளுக்கு ஒரு பெரிய பலம் உண்டு. அது கிடைத்த ஊர், இடம், நாள் எல்லாம் வருவாய்த் துறைத் தாளில் பதிவாகியிருக்கும். பழம்பொருள் சந்தையில் கைமாறி வெளிநாட்டு அருங்காட்சியகங்களுக்குப் போன எத்தனையோ சிலைகளுக்கு 'தமிழ்நாடு' என்பதற்கு மேல் பிறந்த இடம் தெரியாது. நம்மிடம் இருப்பதற்குத் தெரியும். ஆனால் மாவட்ட அருங்காட்சியகங்களின் விளக்க அட்டைகளில் இன்ன சாமி, கல், இன்ன நூற்றாண்டு என்பதோடு விஷயம் முடிந்துவிடுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஊர்ப்பெயர் இருந்தாலும் சின்ன எழுத்தில் ஓரமாக இருக்கும். இது எனக்குத் தாங்காத ஆதங்கம். ஊர்ப்பெயரைத்தான் பெரிதாகப் போட வேண்டும். வாடிப்பட்டியிலிருந்து வரும் பிள்ளைக்குப் பாண்டியர் காலம் என்பது பாடப்புத்தகம். தன் ஊர்க் கண்மாயில் கிடைத்தது என்றால் அது வேறு கதை. அந்தப் பிள்ளை அடுத்த வாரம் தாத்தாவைக் கூட்டிக்கொண்டு வரும்.

கோயிலில் பார்க்க முடியாதது

மதுரையில் ஓர் அருங்காட்சியகத்துக்கு இருக்கும் சங்கடம் வேறு ஊர்களில் இல்லாதது. கலை பார்க்க வேண்டும் என்றால் இங்கே டிக்கெட் எடுத்து உள்ளே போக வேண்டியதில்லை. ஆடி வீதியில் நடந்தாலே போதும். மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபமே ஒரு கலைக்கூடமாக இருக்கிறது. 1569இல் அரியநாத முதலியார் எடுப்பித்ததாகச் சொல்லப்படும் அந்த மண்டபத்தில் 985 தூண்கள். வாசலிலேயே அரியநாதர் குதிரைமேல் இருக்கிறார். உள்ளே போனால் பிட்சாடனர், கண்ணப்பர், ரதி. இவ்வளவையும் அதனதன் இடத்தில் வைத்துப் பார்த்துப் பழகிய ஊரில், தனியே எடுத்துக் கண்ணாடிக்குள் வைத்த ஒரு சிலை என்ன செய்துவிட முடியும்?

நிறையச் செய்யலாம். செப்புத் திருமேனியையே எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலில் உற்சவரைப் பட்டும் மாலையும் நகையும் மூடியிருக்கும். முகம் மட்டுமே நமக்கு. அதுவும் தீபாராதனை வெளிச்சத்தில் ஒரு கணம். அங்கே அப்படித்தான் பார்க்க வேண்டும், அது தரிசனம். அருங்காட்சியகத்தில் அதே மாதிரித் திருமேனியைச் சுற்றி வந்து முதுகைப் பார்க்கலாம். தலைக்குப் பின்னால் சிரச்சக்கரம் என்ற சிறு வட்டம் தெரியும். அதற்குக் கீழே தோள்வரை பிரிந்து இறங்கும் சுருள்முடியை ஒவ்வொரு இழையாக எண்ணலாம். பூணூல் தோளைத் தாண்டி முதுகில் எப்படி விழுகிறது, இடுப்பு உடையின் முடிச்சு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதெல்லாம் தெரியும். பக்தர் எவரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் ஸ்தபதி அங்கே கை சளைத்திருக்க மாட்டார்.

கொஞ்சம் குனிந்து பீடத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் துளைகளோ வளையங்களோ இருந்தால் அவை வீதியுலாவுக்குத் தண்டோடு சேர்த்துக் கட்டுவதற்கு. மேலே இருபுறமும் நிற்கும் முளைகள், சிலையைச் சுற்றி வளைவாக நிற்கும் திருவாசியைச் செருக. திருவாசி தொலைந்துபோய் முளை மட்டும் நிற்கிற சிலைகள் நிறைய. பிறகு முகத்துக்கு வாருங்கள். மூக்கு நுனியும் கன்னமும் மழுங்கி வழவழவென்று இருந்தால், தலைமுறை தலைமுறையாக எண்ணெய்க்காப்பும் பாலும் சந்தனமும் பட்டு, துடைத்துத் துடைத்துத் தேய்ந்த முகம் அது. புருவமும் உதட்டோரமும் உளி பட்ட கூர்மையோடு இருந்தால், வழிபாட்டில் கொஞ்ச காலமே இருந்து மண்ணுக்குள் போயிருக்கலாம். 1311இல் மாலிக் கபூர் படை மதுரைக்கு வந்தது. பிறகு மதுரையில் சுல்தான்கள் ஆண்டார்கள். அந்த மாதிரிக் கலக்கமான காலங்களில் திருமேனிகளை மண்ணில் புதைத்துக் காப்பாற்றினார்கள். புதைத்தவர் திரும்பி வராமல் போனதால்தான் இன்று கடைக்கால் தோண்டும்போது கிடைக்கின்றன.

ஒரே ஒரு சிலையை நடு அறையில் சுற்றிவர இடம்விட்டு வைத்து, முதுகுக்கும் பீடத்துக்கும் தனித்தனியாக விளக்கு போட்டு, இவற்றைச் சொல்லும் நான்கு அட்டைகளை வைத்தால் போதும். அது முழுமையான ஒரு காட்சி. மாதம் ஒரு பொருளை எடுத்துச் சிறப்புக் காட்சியாக வைக்கும் வழக்கம் அரசு அருங்காட்சியகங்களில் ஏற்கெனவே இருப்பதுதான். செலவு குறைவு, பலன் அதிகம். சிறிய அருங்காட்சியகத்துக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தெரியவில்லை.

வெளிச்சமும் ஈரமும்

காட்சிகளை மாற்றுவதற்குக் கூட்டத்தை இழுப்பது மட்டுமே காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. பொருளுக்கே ஓய்வு தேவை. துணி, ஓலைச்சுவடி, காகிதத்தில் எழுதிய சித்திரம் ஆகியவற்றின்மேல் விழும் வெளிச்சம் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் போகக் கூடாது என்பது உலகெங்கும் அருங்காட்சியகங்கள் பின்பற்றும் அளவு. எண்ணெய்ச் சாய ஓவியம் 200 லக்ஸ்வரை தாங்கும். மதுரையின் உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸை எட்டும். ஜன்னல் வழியாக அதில் ஒரு சிறு பங்கு உள்ளே வந்தாலே சாயம் வெளுக்க ஆரம்பித்துவிடும். வெளுத்த சாயத்தைத் திருப்பிக் கொண்டுவர வைத்தியமே கிடையாது. ஆகவே ஒரு துணியைச் சில மாதங்கள் காட்டிவிட்டு, இருட்டான இருப்பறையில் பல மாதங்கள் படுக்க வைத்துவிட்டு, வேறொன்றை வெளியே எடுப்பதே முறை. 'பழைய புடவை இருந்துச்சே, எங்கே போச்சு?' என்று கேட்கும் பார்வையாளருக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

செம்பு, வெண்கலத்துக்கு எதிரி ஈரம். மண்ணுக்குள் கிடந்தபோது உப்பு உள்ளே இறங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றில் ஈரம் ஏறும்போது அந்த உப்பு வேலையை ஆரம்பிக்கும். சிலையின்மேல் வெளிர்பச்சைப் பொடி பூக்கும். இதற்கு வெண்கல நோய் என்றே பெயர். தொட்டால் கையில் ஒட்டும் அந்தப் பொடிக்குக் கீழே உலோகம் அரித்துக் குழி விழுந்திருக்கும். முகம் முழுவதும் பரவுவதற்குள் எடுத்து ரசாயனச் சிகிச்சை செய்து, ஈரம் உறிஞ்சும் பொருளோடு பெட்டிக்குள் வைக்க வேண்டும். ஓலைச்சுவடிக்குப் பூச்சிதான் பயம். நம் வீடுகளில் வசம்பு வைத்துக் கட்டிவைத்தார்கள். இன்றைய பாதுகாப்பாளர்கள் எலுமிச்சம்புல் எண்ணெயைப் பூசுகிறார்கள். ஓலை வளையும் தன்மை திரும்பும், பூச்சியும் அண்டாது. இந்த வேலை நடப்பதைக் கண்ணாடிச் சுவருக்கு அந்தப்பக்கம் வைத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டினால், அதுவே நல்ல காட்சியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நிரந்தரமாக வைத்துவிட்டோம் என்று நினைப்பதும் மாறக்கூடியதே. இதற்கு நம் ஊரிலிருந்தே ஓர் உதாரணம், ஆனால் அது இருப்பது அமெரிக்காவில். மேலமாசி வீதிப் பக்கம் உள்ள மதனகோபால சுவாமி கோயிலைச் சேர்ந்த, 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தூண்களும் கற்களும் 1912இல் அடலின் பெப்பர் கிப்சன் என்ற அமெரிக்கப் பெண்மணியால் விலைக்கு வாங்கப்பட்டன. பயணமாக வந்தவர் அவர். கற்கள் கப்பலேறிப் பிலடெல்பியா போயின. 1919இல் அவர் இறந்ததும் குடும்பத்தார் அவர் நினைவாக அந்நகர அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். அங்கே இந்தியக் கலைப் பிரிவைப் பார்த்துவந்த நார்மன் பிரவுன் 1930களில் மதுரைக்கே வந்து இந்தக் கற்களின் பூர்வீகத்தைத் தேடினார். 1940 வாக்கில் ஒரு மண்டபமாக அது நிறுத்தப்பட்டது. அதன்பின் பல தலைமுறைகள் அப்படியே பார்த்தன. 2016இல் வெளிச்சம், விளக்கம், பின்னணி எல்லாவற்றையும் புதிதாக அமைத்து மறுபடி திறந்தார்கள். கல் அதே கல். எங்கிருந்து வந்தது, எப்படி வாங்கப்பட்டது, அதன் கோயிலில் இப்போதும் வழிபாடு நடக்கிறது என்பதையெல்லாம் சேர்த்துச் சொன்னதால் அது புதிய காட்சியாயிற்று. மதுரைக் கல்லுக்கு அங்கே கிடைத்த கவனம், தமுக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மதுரைக் கல்லுக்கும் கிடைக்க வேண்டாமா? அந்த மண்டபத்தின் படங்களையும் வரலாற்றையும் மதுரையில் ஓர் அறையில் வைத்தால், மேலமாசி வீதியில் தினமும் போய்வருகிறவர்களில் எத்தனை பேர் ஆச்சரியப்படுவார்கள்!

கீழடி இதில் நல்ல பாடம் சொல்லியிருக்கிறது. 2023 மார்ச் 5 அன்று திறந்த கீழடி அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் 18 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கட்டப்பட்டது. அங்கே இருப்பவை பெரும்பாலும் சிறியவை: சூதுபவள மணி, தந்தத்தில் செய்த பகடை, வட்டச் சில்லு, 'ஆதன்' என்று கீறிய பானை ஓடு. பிரம்மாண்டமான சிலை ஒன்றும் இல்லை. ஆனாலும் சனி, ஞாயிறுகளில் கூட்டம் அலைமோதுகிறது. எல்லாம் ஒரே மண்ணிலிருந்து வந்தவை என்பதும் அந்த மண் பக்கத்திலேயே இருக்கிறது என்பதும்தான் காரணம். அகழாய்வு தொடர்வதால் புதிய செய்தி வந்துகொண்டே இருக்கிறது. கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையின் முதுமக்கள் தாழிகளில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளை வைத்து, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தாரும் முகங்களை மறுவார்ப்பு செய்து 2025இல் வெளியிட்டபோது, ஊரில் அதைப் பார்க்காதவர் இல்லை. எங்கள் தெருவில் ஒரு பாட்டி செல்போனைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "எங்கய்யா சாடை அப்படியே இருக்குதுடா" என்றது. காட்சி என்றால் இப்படித்தான் ஆளைப் பிடிக்க வேண்டும்.

வரும் மாதங்களில் எதை எதிர்பார்க்கலாம்

அருங்காட்சியகங்களுக்கென்று ஒரு நாட்காட்டி உண்டு. ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய நாள், மே 18 உலக அருங்காட்சியக நாள், நவம்பர் 19 முதல் 25 வரை பாரம்பரிய வாரம். பெரும்பாலும் சிறப்புக் காட்சிகள் இந்த நாள்களை ஒட்டித்தான் வரும். நவம்பரில் மழை, மே மாதம் பள்ளிக்கூடம் லீவு, ஆனால் பிள்ளைகள் வீட்டில் இருப்பதால் பெற்றோரோடு வர வசதி. இந்த நாட்காட்டியோடு மதுரையின் சொந்த நாட்காட்டியையும் சேர்த்துப் பின்னினால் எப்படியிருக்கும் என்று அடிக்கடி யோசிப்பேன்.

சித்திரையில் கள்ளழகர் ஆற்றில் இறங்குகிறார். அதற்கு நேர்ந்துகொண்டவர்கள் உடுத்தும் சல்லடம், குல்லா, தண்ணீர் பீய்ச்சும் தோல் பை ஆகிய எல்லாமே கைத்தொழில். புதுமண்டபத்தில் தையல்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து இவற்றைத் தைத்த காலம் ஒன்று இருந்தது. திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்திலிருந்த கடைகளைக் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபத்துச் சிற்பங்களுக்கு அது நல்லதே. அந்தத் தையல் மரபை யாராவது இப்போதே சேகரித்து வைக்க வேண்டும். ஏப்ரலில் அதற்கொரு காட்சி போட்டால் ஊரே வரும்.

புரட்டாசி நவராத்திரிக்குத் திருப்பரங்குன்றம் பக்கத்து விளாச்சேரி இருக்கிறது. தலைமுறையாக மண்பொம்மை செய்யும் குடும்பங்கள். கொலுவில் வைத்த பொம்மையை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அச்சு எடுத்த ஈரமண், சூளையில் சுட்ட சிவப்பு, வெள்ளைப் பூச்சு, கடைசியில் கண் திறப்பது என்று ஒரே பொம்மையின் படிநிலைகளை வரிசையாக வைத்துப் பார்த்ததில்லை.

சுங்குடிக்கு மட்டும் தனியாக இரண்டு வரி அதிகம் சொல்ல வேண்டும். 2005இல் புவிசார் குறியீடு கிடைத்த மதுரைச் சுங்குடி, சௌராஷ்டிரக் குடும்பங்களின் கைவேலை. பருத்தித் துணியை நகக்கண் அளவுக்குக் கிள்ளியெடுத்து நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. சாயத்தில் முக்கி, காய்ந்தபின் நூலை அவிழ்த்தால் முடிச்சிருந்த இடமெல்லாம் சாயம் ஏறாத புள்ளி. கையால் கட்டிய புள்ளி சரியான வட்டமாக இருக்காது. ஒவ்வொன்றும் லேசாகக் கோணி, துணியும் அந்த இடத்தில் சிறிது மேடிட்டிருக்கும். அச்சடித்த சேலையில் புள்ளிகள் எல்லாம் ஒன்றுபோல், துணி தட்டையாக. கடையில் இரண்டும் ஒரே பெயரில்தான் விற்கின்றன. கட்டிய சேலை, அச்சடித்த சேலை, பாதி முடிச்சு அவிழ்த்த நிலையில் ஒரு துண்டு ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில், அந்த 50 லக்ஸ் வெளிச்சத்திலேயே வைத்தால் போதும். பார்த்துவிட்டுப் போகிறவர் அடுத்தமுறை கடைக்குப் போகும்போது சேலையைத் திருப்பிப் பார்ப்பார். கட்டுகிற கைகளுக்குக் கூலி உயர வேண்டும் என்றால் வாங்குகிற கண்ணுக்கு வித்தியாசம் தெரிய வேண்டும்.

ஓவியத்துக்கு வந்தால், அசலை வரவழைக்கக் காசில்லை என்று சும்மா இருக்க வேண்டியதில்லை. லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரையை நிழற்படம் எடுத்தார். திருமலை நாயக்கர் மகால் சிதைந்து கிடந்த கோலம் அதில் இருக்கிறது. நேப்பியர் ஆளுநராக இருந்த 1866-72 காலத்தில்தான் பழுதுபார்க்கும் முயற்சி தொடங்கியது. அதற்கும் முன்பு 1792இல் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் வந்து வரைந்து போனார்கள். அசல்கள் லண்டனில். நல்ல பிரதிகளுக்கு வெளிச்சக் கட்டுப்பாடும் வேண்டாம், காப்பீடும் வேண்டாம். அவற்றோடு மனோகர் தேவதாஸின் கோட்டோவியங்களையும் வைக்கலாம். 1936இல் மதுரையில் பிறந்து 2022இல் மறைந்த அவர், கண்பார்வை மெல்ல மெல்ல மங்கிக்கொண்டே வந்த நோயோடு, யானைமலையையும் கோயில் தெருக்களையும் மயிரிழைக் கோடுகளால் வரைந்தவர். 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். இந்த மூன்று பார்வைகளையும் ஒரே சுவரில் பார்க்க எனக்குத் தீராத ஆசை.

இன்னொரு பக்கம் கோவில்பட்டி கொண்டையராஜு. 1898இல் பிறந்து 1976இல் மறைந்தவர். நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுத வந்து கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அவரும் அவர் சீடர்களும் வரைந்த மீனாட்சி கல்யாணம், முருகன், லட்சுமி படங்கள் சிவகாசி அச்சகங்களில் காலண்டராகித் தென்னாட்டு வீடுகளின் சுவரெல்லாம் ஏறின. இதைக் கலை என்று ஏற்கப் பெரிய கலைக்கூடங்கள் வெகுகாலம் தயங்கின. நம் மாவட்டத்து அருங்காட்சியகத்துக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. நம் அப்பத்தாக்கள் பொட்டு வைத்துக் கும்பிட்ட படங்கள் அவை. மலிவான காகிதம் என்பதால் வேகமாகப் பழுப்பேறி நொறுங்குகின்றன. இன்னும் இருபது வருடம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

இவையெல்லாம் நடக்காமல் இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. மாவட்ட அருங்காட்சியகங்களில் காப்பாட்சியர் ஒருவரே கல்வெட்டு, நாணயம், சிலை, பாடம் செய்த பறவை என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. இன்னொரு காரணம், மதுரைக் காட்சிகள் பல துறைகளுக்கிடையே சிதறிக் கிடப்பது. அரசு அருங்காட்சியகம் அருங்காட்சியகங்கள் துறைக்கு உரியது. மகாலும் கீழடியும் தொல்லியல் துறையிடம். ஆயிரங்கால் மண்டபம் கோயில் நிர்வாகத்திடம். காந்தி அருங்காட்சியகம் தனி. அவரவர் அறிவிப்பு அவரவர் வாசலோடு நின்றுவிடுகிறது. எங்கே என்ன காட்சி என்று ஒரே தாளில் அச்சடித்து மாட்டுத்தாவணியிலும் ரயில் நிலையத்திலும் ஒட்டுவதற்குப் பெரிய பணம் தேவைப்படாது.

வாசகர்கள் செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. பரணில் பழைய சுவடிக்கட்டு, தாத்தா காலத்துக் காலண்டர், கையால் கட்டிய சுங்குடி, தேரிலிருந்து கழற்றிய மரச்சிற்பம் என்று ஏதாவது கிடந்தால் பழைய சாமான் கடைக்குப் போடுவதற்குமுன் காப்பாட்சியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு தாண்டிய கலைப்பொருளும், எழுபத்தைந்து ஆண்டு தாண்டிய மதிப்புமிக்க சுவடியும் தொல்பொருள் கணக்கில் வரும். அவற்றில் சிலவகைகளைப் பதிவு செய்தே ஆக வேண்டும். உரிமம் இல்லாமல் அவற்றை வியாபாரம் செய்யக் கூடாது. தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. வீட்டில் வைத்திருப்பது குற்றம் என்று பயந்து ஆற்றில் விட்டவர்கள் உண்டு, அப்படி ஒன்றும் இல்லை. அன்பளிப்பாகக் கொடுத்தால் ரசீது கேட்டு வாங்குங்கள். பொருளோடு சேர்த்து, யார் வைத்திருந்தது, எந்த ஊர், எதற்குப் பயன்பட்டது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை அரசு அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. வேறு சில விடுமுறை நாள்களும் உண்டு, கேட்டுக்கொண்டு போகலாம்.